மாம்பலத்தில் கிடைத்த ரோமானியக் காசு

 

தியாகராய நகர் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன கடைத்தெருவின் நெரிசலும், சர் முஹம்மது உஸ்மான் அவர்களின் பெயர் தாங்கிய உஸ்மான் சாலையின் நகைக்கடைகளும்தாம். பொன்னும் வெள்ளியும் நாள்தோறும் நிறுக்கப்படும் இடம் அது. 1920-களில் ஏரியைத் தூர்த்து அந்த நகர் உருவாக்கப்படும் முன்னர், அங்கே மாம்பலம் என்னும் கிராமமும் வயல்களும் நீர்நிலையுமே இருந்தன.

அந்த மாம்பலத்து மண்ணுக்கடியில் ஒரு புதையல் கிடைத்தது. அதில் இருந்தவை பெரும்பாலும் நம் நாட்டின் மிகப் பழைய நாணய வகையான வெள்ளி முத்திரைக் காசுகள். அவற்றோடு ஒரேயொரு அந்நிய வெள்ளிக்காசும் கலந்திருந்தது. அது கி.மு. 27 முதல் கி.பி. 14 வரை ரோமாபுரியை ஆண்ட அகஸ்டஸ் பேரரசரின் காசு. ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்னர், இத்தாலி நாட்டு அரசரின் காசு ஒன்று நம் மாம்பலத்து மனிதர் ஒருவரின் சேமிப்பில் இருந்திருக்கிறது.

அக்காசு இங்கே எவ்வாறு வந்தது? அதனைச் செலவழித்த ரோமானியர் எவ்வாறு உண்டார்கள், எவ்வாறு வணிகம் செய்தார்கள்? அதற்கும் நமக்கும் என்ன தொடர்பு? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். இறைமறுப்பிலும் உருவ வழிபாட்டிலும் வாழ்ந்த ஒரு சமுதாயத்தின் பழம்பொருள்களை நாம் ஏன் ஆராய வேண்டும் எனச் சிலர் எண்ணக்கூடும். பூமியில் பயணம் செய்து, முன் சென்றோரின் நிலை என்னவாயிற்று என்று பார்க்குமாறு திருமறை பல இடங்களில் நம்மைத் தூண்டுகிறது. ரோமானியரின் பெயராலேயே அமைந்த 'அர்ரூம்' என்னும் 30-ஆம் அத்தியாயத்திலும் அவ்வறிவுறுத்தல் உண்டு.

தினாரியஸ் தீனாரான வரலாறு

மாம்பலத்தில் கிடைத்த வெள்ளிக்காசு வகையின் பெயர் 'தினாரியஸ்' என்பதாகும். இலத்தீன் மொழியில் இதற்குப் 'பத்து கொண்டது' என்று பொருள். பத்து செப்புக் காசுகளின் மதிப்பு அதற்கு இருந்தமையால் அப்பெயர் வந்தது. இச்சொல் கிரேக்க மொழி வழியாகக் கிழக்கே பரவி, அரபியில் 'தீனார்' ஆயிற்று. இந்தியாவில் குப்தர் காலக் கல்வெட்டுகள் பொற்காசைத் 'தீனாரம்' என்று குறிக்கின்றன. அவ்வாறே 'திர்ஹம்' என்பது கிரேக்கரின் 'திரக்மா'விலிருந்தும், 'ஃபில்ஸ்' என்பது ரோமானியரின் 'ஃபோலிஸ்' என்னும் செப்புக் காசிலிருந்தும் வந்தவை. இங்கிலாந்தில் 1971 வரை பென்னி காசைக் குறிக்க எழுதப்பட்ட 'டி' என்ற எழுத்தும் தினாரியஸின் முதலெழுத்தே.

திருக்குர்ஆனில் ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 75-ஆம் வசனத்தில் தீனாரும், யூஸுஃப் அத்தியாயத்தின் 20-ஆம் வசனத்தில் திர்ஹமும் இடம் பெறுகின்றன. முன்னது, ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தைத் திருப்பிக் கொடுப்போரையும் கொடுக்காதோரையும் பற்றிப் பேசுமிடத்தில் வருகிறது. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் அரபு மக்களுக்கெனத் தனி நாணயம் இல்லை. கிழக்கு ரோமானியரின் பொற்காசே தீனாராகவும், பாரசீகரின் வெள்ளிக்காசே திர்ஹமாகவும் மக்கா, மதீனா கடைத்தெருக்களில் புழங்கின. உமையா கலீஃபா அப்துல் மலிக் அவர்கள் ஹிஜ்ரி 77-இல், அதாவது கி.பி. 696-697-இல், உருவம் எதுவுமின்றி எழுத்துகள் மட்டுமே பொறித்த தீனாரை வெளியிட்டார்கள். அதன் எடை சுமார் 4.25 கிராம்.

ஜகாத்துக்குரிய தங்கத்தின் நிஸாபு 20 தீனார் என்பதை நாம் அறிவோம். 20-ஐ 4.25-ஆல் பெருக்கினால் 85 கிராம் வருகிறது. 87.48 கிராம் என்று கணக்கிடும் உலமாக்களும் உளர். எக்கணக்கை எடுத்தாலும், ஆண்டுதோறும் ரமளானில் நம் வீட்டுப் பெண்கள் நகையை நிறுத்துப் பார்க்கும்போது பயன்படும் அளவின் பெயர், மாம்பலத்து மண்ணில் கிடந்த காசின் பெயரே. குவைத்திலும் பஹ்ரைனிலும் உழைக்கும் நம் பிள்ளைகள் தீனாரிலும், துபாயில் உழைப்போர் திர்ஹமிலும் ஊதியம் பெறுகின்றனர். பெயர்கள் எத்துணை நெடும்பயணம் செய்திருக்கின்றன!

காற்றின் பருவமும் கப்பல்களும்

கி.மு. 30-இல் எகிப்து ரோமானியரின் ஆட்சிக்குள் வந்தது. அதன்பின் செங்கடல் வழியாக இந்தியாவுக்கு வரும் கப்பல்கள் பெருகின. மையோஸ் ஹோர்மோஸ் என்ற ஒரு துறைமுகத்திலிருந்து மட்டும் ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியா சென்றதாக ஸ்திராபோ என்னும் புவியியல் அறிஞர் எழுதினார். ஜூலை மாதத்தில் எகிப்திலிருந்து புறப்படும் கப்பல், தென்மேற்குப் பருவக்காற்றின் துணையால் செப்டம்பர் அளவில் சேர நாட்டுக் கடற்கரையை அடையும். வடகிழக்குக் காற்று வீசத் தொடங்கியபின் அது திரும்பும். பருவக்காற்றைக் குறிக்கும் 'மான்சூன்' என்ற ஆங்கிலச் சொல், பருவம் எனப் பொருள்படும் 'மவ்ஸிம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்ததாகும்.

இவ்வணிகத்தில் அரபு மக்களுக்குப் பெரும் பங்கு இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்புளூஸ்' என்னும் கடல்வழிக் கையேடு, யமன் நாட்டு மூஸா துறைமுகம் அரபுக் கப்பல் உரிமையாளர்களாலும் மாலுமிகளாலும் நிறைந்திருந்தது என்கிறது. சாம்பிராணியும் வாசனைப் பொருள்களும் அவர்கள் வழியாகவே வடக்கே சென்றன. திருக்குர்ஆனின் 'குரைஷ்' அத்தியாயம் குறிப்பிடும் குளிர்காலப் பயணம் யமனுக்கும், கோடைப் பயணம் ஷாமுக்கும் ஆனவை என்று விரிவுரையாளர்கள் விளக்குவர். அந்த ஷாம் அன்று ரோமானியரின் ஆளுகையில் இருந்தது என்பது இங்கு நினைவு கூரத்தக்கது.

அதே கையேடு தமிழகத்தின் கீழைக்கடற்கரையில் கமரா, பொதுகே, சோபட்மா ஆகிய மூன்று துறைகளைக் கூறுகிறது. கமரா காவிரிப்பூம்பட்டினம் என்றும், பொதுகே புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேடு என்றும், சோபட்மா மரக்காணம் என்றும் ஆய்வாளர் கருதுவர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி எழுதிய நூலில் 'மலியார்பா' என்றொரு வணிகத்துறை காணப்படுகிறது. அது நம் மயிலாப்பூரே என்பது அறிஞர் பலரின் கருத்து.

மேற்கிலிருந்து வந்த இம்மக்களைச் சங்க நூல்கள் 'யவனர்' என்று அழைத்தன. பொன்னைக் கொண்டுவந்து மிளகை ஏற்றிச் சென்ற யவனர் கப்பல்கள் அகநானூற்றிலும், யவனர் செய்த பாவை விளக்கு நெடுநல்வாடையிலும் இடம் பெற்றுள்ளன. பிற்கால நிகண்டுகளும் உரையாசிரியர்களும் யவனர் என்பதற்குச் 'சோனகர்' என்று பொருள் கூறினர். சோனகர் என்பது தமிழகத்திலும் இலங்கையிலும் முஸ்லிம்களைக் குறித்து வழங்கும் பெயர் என்பதை நாம் அறிவோம். கடல் கடந்து மேற்கிலிருந்து வந்தோரை ஒரே பெயரால் அழைத்த தமிழ் வழக்கின் தொடர்ச்சி இது.

மிளகு மணந்த உணவு

அகஸ்டஸின் காசு இங்கு வரக் காரணமான பொருள்களுள் தலையாயது மிளகு. ரோமானியர் மிளகின்மீது கொண்ட ஆசைக்கு அளவே இல்லை. அபிசியஸ் என்பவரின் பெயரால் வழங்கும் சமையல் நூலில் பெரும்பாலான குறிப்புகளில் மிளகு உண்டு. இறைச்சிக்கும் மீனுக்கும் மட்டுமன்றி, இனிப்புப் பண்டங்களுக்கும் அவர்கள் மிளகைத் தூவினர். ரோமாபுரியில் மிளகுக்கும் வாசனைப் பொருள்களுக்குமென்றே தனிக் கிடங்குகள் கட்டப்பட்டிருந்தன.

கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது உயிரிழந்த பிளினி என்னும் அறிஞர், தம் நாட்டாரின் இவ்வாசையை நொந்துகொண்டார். மிளகில் கனியின் இனிமையும் இல்லை, கண்ணைக் கவரும் அழகும் இல்லை. காரம் ஒன்றுக்காக அதனை இந்தியாவிலிருந்து கொண்டுவர வேண்டுமா என்பது அவர் வினா. ஒரு ரோமானியப் பவுண்டு, அதாவது சுமார் 327 கிராம், கருமிளகின் விலை 4 தினாரியஸ் என்றும், திப்பிலியின் விலை 15 தினாரியஸ் என்றும் அவர் குறித்துள்ளார். அக்காலப் படைவீரனின் ஆண்டு ஊதியம் 225 தினாரியஸ். ஆகவே அந்தச் சிறிதளவு மிளகுக்கு அவனது ஆறேழு நாள் ஊதியம் தேவைப்பட்டது. ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் காசுகளுக்குக் குறையாமல் இந்தியா தம் நாட்டிலிருந்து கறந்துவிடுகிறது என்றும் பிளினி புலம்பினார். நான்கு செஸ்டர்ஸ் சேர்ந்தது ஒரு தினாரியஸ்.

எனினும் எளிய படைவீரரும் மிளகை விடவில்லை. இங்கிலாந்தின் வடகோடியில் விண்டோலாண்டா என்ற ரோமானியப் படைமுகாம் இருந்தது. அங்கே மண்ணுக்கடியிலிருந்து மெல்லிய மரப்பலகைகளில் மையால் எழுதிய கடிதங்களும் கணக்குகளும் கிடைத்தன. கி.பி. 100-ஐ ஒட்டிய அக்கணக்குகளுள் ஒன்றில், 2 தினாரியஸுக்கு மிளகு வாங்கிய செய்தி உள்ளது. சேர நாட்டு மலைச்சரிவில் பறித்த மிளகு, பனி பொழியும் அந்த எல்லைக் காவலில் ஒரு வீரனின் கஞ்சிக்குச் சுவையூட்டியிருக்கிறது.

அதே இங்கிலாந்தில், ஹாக்ஸ்ன் என்னும் ஊரில் 1992-இல் ஒருவர் வயலில் தொலைந்துபோன சுத்தியலைத் தேடிச் சென்றார். கருவியின் துணையுடன் அவர் தேடியபோது தட்டுப்பட்டது பெரும் ரோமானியப் புதையல். அதில் வெள்ளியால் செய்த நான்கு மிளகுக் குப்பிகள் இருந்தன. ஒன்று உயர்குடிப் பெண்ணின் மார்பளவு உருவில் அமைந்தது. அதன் அடியில் திருகக்கூடிய ஒரு தகடு உண்டு. ஒருபுறம் திருப்பினால் முழுதும் திறக்கும், மிளகை நிரப்பலாம். மற்றொரு நிலையில் சிறு துளைகள் வழியாகத் தூவலாம். இன்னொரு நிலையில் மூடிக்கொள்ளும். நாம் இன்று உணவு மேசையில் வைக்கும் மிளகுத்தூள் குப்பிக்கு இத்துணைப் பழமையான முன்னோடி உண்டு.

அவர்களின் உணவுப் பொருள்களும் இங்கே வந்தன. அரிக்கமேட்டில் கிடைத்த இருகைப்பிடி உயர்ந்த சாடிகளின் உடைந்த ஓடுகள், மதுவும் ஒலிவ எண்ணெயும், உப்பிட்டுப் புளிக்கவைத்த மீன்சாறும் கடல் கடந்து வந்ததைக் காட்டுகின்றன. மது நமக்கு விலக்கப்பட்டது. அதனை ஏற்றிவந்த சாடி வரலாற்றுக்குச் சான்றாக நிற்கிறது. மீன்சாறு பற்றிப் படிக்கும்போது, நம் கடலோரத்து ஊர்களின் அடுக்களையில் மாசிக்கும் கருவாட்டுக்கும் உள்ள இடம் நினைவுக்கு வராமல் போகாது.

வெட்டுப்பட்ட முகங்கள்

மாம்பலத்தில் கிடைத்தது ஒரு காசு. தமிழகத்தின் வேறு பல இடங்களில் குவியல் குவியலாகவே கிடைத்துள்ளன. 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒருசேர வெளிப்பட்டன. வியப்பு யாதெனில், அவற்றுள் பெரும்பாலானவற்றில் அரசரின் முகத்தின்மேல் உளியால் வெட்டிய தழும்பு இருந்தது. பொன்னின் தரத்தைச் சோதிக்க வெட்டினர் என்பர் சிலர். காசாகப் புழங்காமல் வெறும் பொன்னாக மட்டுமே மதிக்கப்பட வேண்டும் என்று வெட்டினர் என்பர் வேறு சிலர்.

உருவத்தை வெட்டியதைக் கண்டு, இது நம் மார்க்கத்தாரின் செயலாக இருக்குமோ என்று அவசரப்பட்டு எண்ணிவிடலாகாது. அக்குவியலின் கடைசிக் காசு கி.பி. 69 முதல் 79 வரை ஆண்ட வெஸ்பாசியன் காலத்தது. நபி (ஸல்) அவர்களின் தூதுத்துவம் கி.பி. 610-இல் தொடங்கிற்று. இடையில் ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் உள்ளன. நம் பெருமைக்காகவும் காலத்தைப் புரட்டலாகாது. உண்மை உரைத்தலே வரலாற்றுக்கும் மார்க்கத்துக்கும் பொருந்துவது.

கணனும் சாத்தனும்

காசுகள் அரசர்களின் பெயரைச் சொல்கின்றன. சாதாரண மனிதரின் பெயரைச் சொல்வன உடைந்த பானை ஓடுகளே.

எகிப்தின் செங்கடற்கரையில் குஸைர் அல்-கதீம் என்னும் பாழூர் உள்ளது. ஸ்திராபோ கூறிய மையோஸ் ஹோர்மோஸ் துறைமுகம் இதுவே என இன்று ஆய்வாளர் ஏற்கின்றனர். 1978 முதல் 1982 வரை சிகாகோ பல்கலைக்கழகத்தார் அங்கு அகழ்ந்தபோது, தமிழ்ப் பிராமி எழுத்தில் 'கணன்', 'சாத்தன்' என்று பெயர் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. பின்னர் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் அதே இடத்தில் அகழ்ந்து கண்ட ஓர் ஓட்டில் இரண்டு இடங்களில் தமிழ் எழுத்து இருந்தது. சென்னையில் வாழ்ந்து 2018-இல் மறைந்த கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அதனைப் 'பானை உறி' என்னும் பொருளில் படித்தார். உறியில் தொங்கவிடும் பானை என்பது அதன் பொருள். நம் பாட்டிமார் அடுக்களையில் தயிரையும் வெண்ணெயையும் பூனைக்கு எட்டாமல் தொங்கவிட்ட அதே உறி!

அதே கடற்கரையில் தெற்கே உள்ள பெரனிகே துறைமுகத்தில், இந்தியாவில் செய்த பெரிய சாடி ஒன்றினுள் ஏழரைக் கிலோ கருமிளகு அப்படியே கிடைத்தது. அரிசியும் தேங்காயும் பாசிப்பயறும் தேக்கு மரமும் அங்கே கிடைத்துள்ளன. தேக்கு கப்பலாக வந்து, கப்பல் பழுதானபின் வீட்டுக்குச் சட்டமாகியிருக்கிறது. நம் பக்கத்திலோ, வைகை கடலில் கலக்குமிடத்துக்கு அருகே உள்ள அழகன்குளத்தில், ரோமானியக் கப்பலின் உருவம் கீறிய பானை ஓடு ஒன்று கிடைத்தது. கரையில் நின்று கப்பலைப் பார்த்த ஒருவரின் கைவண்ணம் அது.

குஸைரின் சிறப்பு இத்துடன் முடியவில்லை. கணனும் சாத்தனும் வாழ்ந்து ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னர், அதே இடத்தில் முஸ்லிம் வணிகர்கள் குடியேறினர். அங்கே 'ஷேக் வீடு' என்று ஆய்வாளர் பெயரிட்ட இல்லம் ஒன்றில், ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான அரபுக் காகிதத் துண்டுகள் கிடைத்தன. அவை அபூ முஃபர்ரிஜ் என்னும் வணிகரின் கடைக்கு வந்த கடிதங்களும் பற்றுச்சீட்டுகளுமாம். கோதுமை எத்தனை மூட்டை அனுப்பப்பட்டது, மாவு வந்து சேர்ந்ததா, பணம் யாரிடம் கொடுக்கப்பட்டது என்பன போன்ற அன்றாடச் செய்திகளே அவற்றில் நிறைந்துள்ளன. அவ்வூரில் குஜராத்தின் சாயமிட்ட பருத்தித் துணித் துண்டுகளும் கிடைத்தன. ஒரே மண்ணில் கீழடுக்கில் தமிழனின் பானை ஓடு. மேலடுக்கில் முஸ்லிம் வணிகரின் கடிதம். நம் இரு முன்னோர் மரபுகளும் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக உறங்கின.

முத்திரையிட்ட ஒப்பந்தம்

இவ்வணிகத்தின் ஒழுங்கை விளக்கும் ஆவணம் ஒன்று ஆஸ்திரிய நாட்டின் வியன்னா நகரில் உள்ளது. அது கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட பாப்பிரஸ் தாள். 1985-இல் அதன் வாசகம் வெளியிடப்பட்டது. ஒரு பக்கத்தில் முசிறி வணிகம் தொடர்பான கடன் ஒப்பந்தம். மறுபக்கத்தில் 'ஹெர்மபொல்லோன்' என்னும் கப்பலில் வந்த சரக்கின் மதிப்பீடு. சடாமாஞ்சில் 60 பெட்டிகள், யானைத் தந்தம் முதலியன அதில் காணப்படுகின்றன. மொத்த மதிப்பு ஏறக்குறைய 70 இலட்சம் செஸ்டர்ஸ். அரசுக்குச் செலுத்த வேண்டிய சுங்கமோ நான்கில் ஒரு பங்கு.

சரக்கை நம்பிக்கைக்குரிய ஒட்டகக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும்; பாலைவன வழியில் காவல் இருக்க வேண்டும்; கொப்தோஸ் நகரக் கிடங்கில் முத்திரையிட்டு வைக்க வேண்டும்; பின்னர் நைல் நதிப் படகில் ஏற்றி அலெக்சாந்திரியாவுக்கு அனுப்ப வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதப்பட்டுள்ளது. அக்கடனின் நிபந்தனைகள் நம் ஷரீஅத்தின் அளவுகோலுக்கு உட்பட்டவை அல்ல. எனினும் அமானிதத்தைக் கைமாற்றும் ஒவ்வோர் இடத்தையும் எழுதி வைத்த ஒழுங்கு கவனிக்கத்தக்கது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமாகிய அல்பகராவின் 282-ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறும் சாட்சிகளை அமைத்துக்கொள்ளுமாறும் நமக்குக் கட்டளையிடுகிறது அல்லவா?

முத்திரை மோதிரமும் அவ்வுலகின் அன்றாடப் பொருளே. அரிக்கமேடு, கரூர், கேரளத்துப் பட்டணம் ஆகிய இடங்களில் முத்திரைக் கற்களும் மோதிரங்களும் கிடைத்துள்ளன. நபி (ஸல்) அவர்கள் ரோமானியப் பேரரசர் ஹிர்கலுக்குக் கடிதம் எழுத நாடியபோது, முத்திரையில்லாத கடிதத்தை அவர்கள் படிக்க மாட்டார்கள் என்று தோழர்கள் தெரிவித்தனர். அதன்பின் நபியவர்கள் வெள்ளி மோதிரம் ஒன்றைச் செய்வித்து, அதில் முத்திரை வாசகம் பொறிக்கச் செய்தார்கள் என்பது ஸஹீஹான ஹதீஸ் நூல்களில் வரும் செய்தி. பிற சமுதாயத்தாரின் நல்ல நிர்வாக முறையை ஏற்பதில் அண்ணலார் தயக்கம் காட்டவில்லை.

எழும்பூர் அருங்காட்சியகத்து அலமாரி

இவ்வரலாறு முழுவதும் வெளிச்சத்துக்கு வர உதவிய நிகழ்ச்சி ஒன்று நம் சென்னையிலேயே நடந்தது. இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக இருந்த மார்ட்டிமர் வீலர், 1944-இல் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வந்தார். அங்கே ஓர் அலமாரியைத் திறந்து கைவிட்டுத் தேடியபோது, உடைந்த சாடியின் கழுத்தும் கைப்பிடியும் அகப்பட்டன. மத்தியதரைக் கடல் நாடுகளில் ரோமானியர் பயன்படுத்திய சாடி அது என்பதைப் பார்த்த அளவில் அவர் அறிந்துகொண்டார். இது எங்கே கிடைத்தது என்று கேட்க, புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் என்று விடை வந்தது.

அடுத்த ஆண்டே, 1945-இல், அவர் அரிக்கமேட்டை அகழ்ந்தார். இத்தாலியின் அரெஸ்ஸோ நகரக் குயவர்களின் முத்திரை பதித்த செந்நிறத் தட்டுகளும், சாடிகளும், விளக்கும், கண்ணாடியும் வெளிப்பட்டன. அப்பொருள்களின் காலம் உறுதியாகத் தெரிந்தமையால், அவற்றோடு கிடைத்த உள்ளூர் மட்கலங்களின் காலமும் தெளிவாயிற்று. தென்னிந்தியாவின் பண்டைய வரலாற்றுக்குக் காலக்கணக்கு அமைத்துத் தந்தது அந்த அகழாய்வு.

சற்றே சிந்தியுங்கள். அந்தச் சாடிக் கைப்பிடி பொன் அன்று, வெள்ளி அன்று. உடைந்த மண் ஓடு. அதனை ஒருவர் குப்பையில் எறியாமல் எடுத்து வைத்தார். எங்கே கிடைத்தது என்பதையும் நினைவில் வைத்திருந்தனர். அவ்விரண்டில் ஒன்று தவறியிருந்தாலும் வீலரின் கேள்விக்கு விடை கிடைத்திராது.

நம் அலமாரியில் என்ன இருக்கிறது?

இக்கேள்வியை நாம் நம்மை நோக்கிக் கேட்டுக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பள்ளிவாசலின் மாடியறையில் பழைய தகரப் பெட்டியைத் திறக்கும் வாய்ப்பு இக்கட்டுரையாளனுக்குக் கிட்டியது. மேலே கிடந்தது நிக்காஹ் பதிவேடு ஒன்று. அட்டை அழகாக இருந்தது. உள்ளே கரையான் தின்றது போக எஞ்சியவை சில தாள்களே. மஹர் தொகை தெரிந்த இடத்தில் மணமக்களின் பெயர் இல்லை. பெயர் தெரிந்த இடத்தில் தேதி இல்லை. ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய சாத்தனின் பெயர் எகிப்தின் மணலில் பத்திரமாக இருக்க, நம் பாட்டனாரின் பெயர் நம் பள்ளிவாசலிலேயே அழிந்துபோயிற்று.

இது வெறும் பழம்பெருமை பற்றிய கவலை அன்று. 2025-இல் வக்ஃபு திருத்தச் சட்டம் வந்து, வக்ஃபு சொத்துகளின் விவரங்களை 'உமீத்' இணையதளத்தில் பதிவேற்ற வேண்டிய நிலை ஏற்பட்டபோது, எழுத்துச் சான்றின் மதிப்பை ஒவ்வொரு ஜமாஅத்தும் உணர்ந்தது. எல்லைகளைக் குறித்த பழைய பத்திரம், வரி கட்டிய ரசீது, நில அளவை வரைபடம் ஆகியவற்றைக் காத்து வைத்தவர்கள் நிம்மதியாக இருந்தனர். அல்லாஹ்வுக்காக ஒருவர் எழுதி வைத்த நிலம் நம் கையில் உள்ள அமானிதம். அதன் பத்திரமும் அமானிதமே.

ஆகவே, ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் சில பணிவான வேண்டுகோள்கள்:

பழைய நிக்காஹ் தஃப்தர்கள், அடக்கத்தலப் பதிவேடுகள், வரவு செலவுப் புத்தகங்கள், பத்திரங்கள் அனைத்தையும் எண்ணிட்டுப் பட்டியல் எடுக்க வேண்டும். ஒவ்வொரு தாளையும் கணினியில் படமெடுத்து, ஒரு படியைப் பள்ளியிலும் மற்றொரு படியை வேறோர் இடத்திலும் வைக்க வேண்டும். ஒரே இடத்தில் வைத்தால் மழைவெள்ளம் இரண்டையும் கொண்டுபோகும் என்பதை அடையாற்றங்கரையில் வாழும் நாம் 2015-இல் கண்ணாரக் கண்டோம்.

பயன்பாடு முடிந்துபோன பொருள்களையும் காக்க வேண்டும். தொழுகை நேரத்தைக் காட்டிய நிழல் கடிகாரம், ஹவுளின் பழைய கல், குத்பாவின்போது இமாம் ஊன்றிய தடி, ஸஹருக்கு எழுப்பிய நகரா, எண்ணெய் விளக்கு ஆகியவற்றைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடலாகாது. ஒவ்வொன்றோடும் ஒரு சீட்டு இணைக்க வேண்டும்: இது என்ன, யார் கொடுத்தது, எந்த ஆண்டு, எங்கே இருந்தது. இந்நான்கு விவரமும் இல்லாத பொருள் ஊமையாகிவிடும்.

மூன்றாவதாக, மதரஸா மாணவர்களை ஆண்டுக்கு ஒருமுறையேனும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். முத்திரைக் காசு யாது, ரோமானியக் காசு யாது என்பதை ஆசிரியர் அங்கே விளக்கட்டும். பின்னர் வீட்டிலுள்ள முதியோரிடம் பழைய பொருள்களைப் பற்றிக் கேட்டு எழுதி வரச் சொல்லட்டும். அவற்றுள் சிறந்தவை அடுத்த ஆண்டு மலரில் இடம் பெறலாம்.

ரோமாபுரியின் மேற்குப் பேரரசு கி.பி. 476-இல் வீழ்ந்தது. அரசர்களின் ஆணையும் படையும் மறைந்தன. குயவன் பதித்த முத்திரையும், போர்வீரன் எழுதிய மிளகுக் கணக்கும், சாத்தன் கீறிய தன் பெயரும் நிலைத்தன. நாம் இன்று எழுதி வைக்கும் ஒரு ரசீதும் நாளை நம் சந்ததியினருக்குச் சான்றாகக்கூடும்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றைப் பேணிக் காத்து, அடுத்த தலைமுறையிடம் குறைவின்றிச் சேர்க்கும் நல்லோராக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.